ஊசல் அளந்த பூமி

இயக்கவியலைக் கற்க முதன்முதலாக வருகிற மாணவனுக்குப் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் ஆப்பிள் மரத்தடியில் அமர்ந்திருக்கும் நியூட்டனைக் காட்டித்தான் வரவேற்பு அளிக்கின்றன. அந்தக் கதை முழுப் பொய்யன்று. முதுமைக் காலத்தில் நியூட்டனே தம் நண்பர் ஸ்டூக்லியிடம் அதைச் சொல்லியிருக்கிறார். ஆயினும், பழம் விழக் கண்டு ஒருவருக்கு ஓர் எண்ணம் தோன்றலாமேயொழிய, அந்த எண்ணம் சரியா தவறா என்று தீர்மானிப்பதற்கு அந்தப் பழம் எள்ளளவும் பயன்படாது. விசை, இயக்கம், ஈர்ப்பு என்னும் மூன்றைப் பற்றியும் நாம் இன்று ஐயமின்றி அறிந்திருப்பவற்றுள் பெரும்பகுதிக்குச் சாட்சி சொன்னது, நூலிலோ கம்பியிலோ கட்டித் தொங்கவிட்ட ஒரு சாதாரணக் குண்டுதான். அந்தக் குண்டு சாட்சி சொன்ன வரலாறு ஆப்பிள் கதையைக் காட்டிலும் நீளமானது. ஆனால் ஒரு சாஸ்திரம் எவ்வாறு நிலைபெறுகிறது என்பதை அறிய விரும்புவோர்க்கு அதுவே உகந்த பாடம் என்பது என் கருத்து.

விழுகின்ற பொருளை ஆராய்வதில் உள்ள முதல் இடர் அதன் அவசரம். கைவிட்ட கல் முதல் விநாடியிலேயே ஏறக்குறைய 4.9 மீட்டர் இறங்கிவிடுகிறது. இரண்டாம் விநாடி முடியுமுன் 19.6 மீட்டரைக் கடந்துவிடுகிறது. விநாடியைக் காட்டும் கடிகாரமே இல்லாத ஒரு காலத்தில், கண் இமைக்கும் நேரத்தில் நடந்து முடிந்துவிடும் இந்நிகழ்ச்சியை எவ்வாறு அளப்பது? கனமான பொருள் விரைந்தும் இலேசான பொருள் மெதுவாகவும் விழும் என்று அரிஸ்டாட்டில் சொல்லிவிட்டுப் போனது ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் நின்று நிலவியதற்கு, அவர்பால் இருந்த பக்தி மட்டும் காரணமன்று. அதை அளந்து மறுப்பதற்கு வழியில்லாமையும் ஒரு காரணமே.

அந்த வழியைக் கண்டவர் கலிலியோ. பொருளை நேராக விழவிடாமல் சாய்ந்த பலகையில் உருளவிட்டால், விழுதலின் தன்மை மாறாமல் அதன் வேகம் மட்டும் தணியும் என்று அவர் கருதினார். ஏறக்குறைய பன்னிரண்டு முழ நீளமுள்ள ஒரு மரச்சட்டத்தின் விளிம்பில் நேரான பள்ளம் தோண்டி, அதை இழைத்து, உள்ளே வழவழப்பான தோல்தாளை ஒட்டி, சட்டத்தின் ஒரு தலையைச் சிறிது உயர்த்தி வைத்து, நன்கு திரட்டிய வெண்கலக் குண்டு ஒன்றை அதில் உருட்டினார். காலத்தை அளக்க, உயரத்தில் வைத்த பெரிய தண்ணீர்ப் பாத்திரத்தின் அடியில் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தி, குண்டு உருளும் அளவும் வடிந்த நீரைக் கிண்ணத்தில் பிடித்து, அந்நீரைத் துல்லியமான தராசில் நிறுத்தார். நீரின் எடைகள் எந்த விகிதத்தில் நின்றனவோ அதுவே காலங்களின் விகிதம். முதல் சம காலத்தில் குண்டு கடந்த தூரத்தை ஒன்று என்று கொண்டால், அடுத்தடுத்த சம காலங்களில் அது மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றை எண்களின் வரிசையிலேயே கடந்து சென்றது. அதாவது, மொத்தத் தூரம் காலத்தின் வர்க்கத்தைப் பின்பற்றியது. சட்டத்தை எவ்வளவு சாய்த்தபோதிலும் இவ்விதி மாறவில்லை.

இந்தச் சாய்பலகையிலிருந்தே அவர் இன்னோர் உண்மைக்கும் சென்றார். கீழ்நோக்கிச் சாய்ந்த பலகையில் குண்டின் வேகம் கூடுகிறது; மேல்நோக்கிச் சாய்ந்ததில் குறைகிறது; அப்படியானால் எப்பக்கமும் சாயாத மட்டமான தளத்தில், உராய்வு முதலிய தடைகள் இல்லாதபோது, அது கூடவும் காரணமில்லை, குறையவும் காரணமில்லை. இயங்கும் பொருள் இயங்கிக்கொண்டே இருப்பதற்கு விசை எதுவும் வேண்டியதில்லை என்றும், இயக்கத்தின் வேகத்தையோ திசையையோ மாற்றுவதற்கே விசை வேண்டும் என்றும் பின்னர் நியூட்டன் முதல் விதியாக வகுத்த கோட்பாட்டின் வித்து இதுவே. மாட்டு வண்டியை மாடு ஓயாமல் இழுக்க வேண்டியிருக்கிறதே என்று கேட்பவர்க்கு, மாடு இழுப்பது வண்டியை ஓட்டுவதற்கன்று, அச்சிலும் மண்ணிலும் எழும் உராய்வை ஈடுகட்டுவதற்கே என்பது விடை.

சாய்பலகையைவிட நேர்த்தியான கருவி ஒன்று கலிலியோவின் கைவசம் இருந்தது. பீசா நகரத்துக் கோயிலில் ஆடிய விளக்கைத் தம் நாடித்துடிப்போடு ஒப்பிட்டு அவர் ஊசலின் விதியைக் கண்டார் என்று அவருடைய சீடர் விவியானி எழுதிவைத்த கதை பலருக்கும் தெரியும். எழுத்து மூலமான உறுதியான சான்று, குயிடோபால்டோ என்னும் பிரபுவுக்கு 1602-ஆம் ஆண்டில் அவர் எழுதிய கடிதத்தில் கிடைக்கிறது. ஈயக் குண்டையும் தக்கைக் குண்டையும் ஒரே நீளமுள்ள நூல்களில் தொங்கவிட்டு ஆட்டியபோது, தக்கையைப் போல நூறு மடங்கு கனமான ஈயம் தக்கையை முந்திக்கொண்டு செல்லாமல் அதனோடு இணைந்தே ஆடியது என்று தம் 1638-ஆம் ஆண்டு நூலில் அவர் கூறுகிறார். கனமான குண்டைப் பூமி மிகுதியாக இழுக்கிறது என்பது மெய். ஆனால் அசைக்கப்படுவதற்கு அது அதே விகிதத்தில் மிகுதியாக முரண்டு பிடிக்கிறது. இழுப்பும் முரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதால், அலைவு நேரத்தில் குண்டின் கனத்துக்குப் பங்கே இல்லாமற் போகிறது. எஞ்சி நிற்பவை இரண்டே: நூலின் நீளம், அவ்விடத்து ஈர்ப்பின் வலிமை. நீளத்தை நான்கு மடங்காக்கினால் அலைவு நேரம் இரட்டிக்கும்; ஈர்ப்பு நான்கு மடங்கானால் அது பாதியாகும்.

அதே நூலில் வரும் ஆணிப் பரீட்சையை வீட்டுச் சுவரிலேயே செய்து பார்க்கலாம். ஓர் ஆணியில் நூலைக் கட்டி ஈயக் குண்டைத் தொங்கவிட்டு, ஒரு பக்கமாக இழுத்து விட்டால், அது மறுபக்கத்தில் ஏறக்குறைய அதே உயரத்துக்கு எழுகிறது. இப்போது முதல் ஆணிக்கு நேர் கீழே, பாதி வழியில், நூலைத் தடுக்குமாறு இன்னோர் ஆணியை அடித்துவிட்டு மீண்டும் ஆட்டினால், நூல் இரண்டாம் ஆணியில் மடங்கிக்கொள்கிறது. குண்டு முன்னிலும் சிறிய வில்லில் வளைந்து செல்கிறது. ஆயினும் அது ஏறி நிற்கும் உயரம் அதே கிடைக்கோடுதான். எந்த வழியாக இறங்கினாலும், எந்த வழியாக ஏறினாலும், இறங்கிய உயரம் தந்த வேகம் அதே உயரத்துக்கு ஏற்றிவிட மட்டுமே போதும். ஆற்றல் அழிவின்மை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு பெயரிட்ட தத்துவத்தின் முகம் இரண்டு ஆணிகளுக்கிடையே அன்றே தென்பட்டுவிட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் கலிலியோ அளவுக்கு மீறிப் பேசிவிட்டார். பெரிய வீச்சானாலும் சிறிய வீச்சானாலும் ஊசலுக்கு ஒரே நேரந்தான் ஆகும் என்றார் அவர். சிறு வீச்சுகளுக்கு அது நடைமுறையில் உண்மை. ஆனால் செங்குத்திலிருந்து 60 பாகை அளவு இழுத்து விட்ட ஊசல், சிறு வீச்சில் ஆடுவதைக் காட்டிலும் ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. இக்குறையைக் கண்டு, எவ்வகை வளைகோட்டில் ஆடினால் வீச்சு எதுவாயினும் நேரம் மாறாது என்று கணிதத்தால் நிறுவியவர் ஹாலந்து நாட்டின் ஹைகன்ஸ். 1656-ஆம் ஆண்டில் ஊசலைக் கடிகாரத்தோடு பிணைத்தவரும் அவரே. அதற்கு முன் நல்ல கடிகாரமும் நாளொன்றுக்குக் கால் மணி நேரம் பிசகுவது வழக்கம். ஊசல் சேர்ந்த பின் அந்தப் பிசகு சில விநாடிகளாகச் சுருங்கிற்று.

ஈர்ப்பை அளப்பதற்கு ஊசல் தந்த வசதி இங்கேதான் தொடங்குகிறது. ஒரு விநாடிக்கு ஒருமுறை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குச் செல்லும் ஊசலை விநாடி ஊசல் என்பர். அதன் நீளம் பாரிஸ் நகரில் பழைய பிரெஞ்சு அளவுப்படி 3 அடியும் எட்டரைக் கோடும் ஆகும். அடிக்கு 12 அங்குலம், அங்குலத்துக்கு 12 கோடு என்பது அந்நாட்டுக் கணக்கு. நம் அளவில் சொன்னால் ஏறக்குறைய 99.4 சென்டிமீட்டர். அந்நீளத்தை மீட்டரில் கொண்டு, பை (π) என்னும் எண்ணின் வர்க்கமாகிய 9.87-ஆல் பெருக்கினால் 9.81 கிடைக்கிறது, விழும் பொருள் விநாடிதோறும் தன் வேகத்தில் கூட்டிக்கொள்ளும் மீட்டர் அளவு, அதாவது ஈர்ப்பு முடுக்கம், அதுவே. கல்லைப் போட்டு இதை அளக்க வேண்டுமானால் விநாடியின் நூற்றில் ஒரு பங்கையாவது பிடித்தாக வேண்டும். ஊசலிலோ, ஓர் அலைவில் தெரியாத வேற்றுமை, ஒரு நாளில் நிகழும் 86,400 அலைவுகளிலும் கடன்மேல் வட்டி ஏறுவது போல ஏறி, மாலைக்குள் கண்ணுக்கு முன்னே வந்து நிற்கிறது. நட்சத்திரம் ஒன்று உச்சியைக் கடக்கும் நேரத்தோடு கடிகாரத்தை ஒப்பிட்டால் போதும். நுண்ணிய அளவுக்கு வேண்டிய பெருக்கலை ஊசலே செய்து முடித்துவிடுகிறது.

அவ்வாறு ஏறிய வட்டியை முதன்முதலில் எண்ணிப் பார்த்தவர் ழான் ரிஷே. பாரிஸ் விஞ்ஞானக் கழகம் அவரைத் தென் அமெரிக்காவின் வட கரையில், பூமத்திய ரேகைக்கு ஐந்து பாகை வடக்கே உள்ள கயேன் என்னும் தீவுக்கு அனுப்பியது. 1672-ஆம் ஆண்டில் அவர் அங்கே போய்ச் சேர்ந்தார். செவ்வாய்க் கிரகம் அவ்வாண்டு பூமிக்கு அருகில் வந்தது. அதன் நிலையைப் பாரிஸிலிருந்து வானநூலார் காஸினியும் கயேனிலிருந்து ரிஷேயும் ஒரே காலத்தில் நோக்கி, அதன் தூரத்தையும் அதன்வழி சூரியனின் தூரத்தையும் கணக்கிடுவதே பிரயாணத்தின் தலையாய நோக்கம். ஊசலை அளப்பது உபரியான ஒரு வேலை. ஆனால் பாரிஸில் விநாடி தவறாமல் ஆடிய ஊசல் கயேனில் தாமதிக்கத் தொடங்கியது. அதைச் சரிப்படுத்த ரிஷே நீளத்தை ஒன்றேகால் கோடு, அதாவது 2.8 மில்லிமீட்டர், குறைக்க வேண்டியதாயிற்று. குறைக்காமல் விட்டிருந்தால் கடிகாரம் நாளொன்றுக்கு இரண்டு நிமிடத்துக்கும் சற்று அதிகமாகப் பின்தங்கியிருக்கும் என்று கணக்குக் காட்டுகிறது. பத்து மாதம், ஒரு வாரமும் தவறாமல், இப்பரீட்சையைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்ததாக அவர் 1679-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் எழுதினார்.

அளந்தவரின் கை பிசகியிருக்கும் என்று பாரிஸில் எண்ணியவர்கள் உண்டு. காஸினியே அதை நம்பத் தயங்கினார். வெப்பத்தின்மேல் பழியைப் போட்டவர்களும் இருந்தனர். வெப்ப நாட்டில் உலோகம் நீளும், நீண்ட ஊசல் மெதுவாக ஆடும், ஆகவே இதில் வியப்பில்லை என்பது அவர்கள் வாதம். வாதம் நியாயமானதே; ஆனால் அளவுக்கு நிற்கவில்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள இரும்புக் கம்பி, வெப்பம் 25 பாகை செல்சியஸ் உயர்ந்தால் 0.3 மில்லிமீட்டர்தான் நீளும். ரிஷே குறைத்ததோ அதைப்போல ஒன்பது மடங்குக்கும் மேல். பிறகு வானநூலார் ஹாலி செயின்ட் ஹெலினா தீவிலும், பிரெஞ்சுக்காரர் சிலர் ஆப்பிரிக்கக் கரையோரமுள்ள கோரே தீவிலும் ஊசலைக் குறைக்க நேர்ந்தது தெரியவந்ததும், சந்தேகத்துக்கு இடமில்லாது போயிற்று. செவ்வாயின் தூரத்தைக் காண அனுப்பப்பட்டவர் கொண்டுவந்த செய்தி பூமியைப் பற்றியதாக இருந்தது: பூமியின் ஈர்ப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவாக இல்லை.

இதன் பொருளை முழுமையாக உணர்ந்தவர் நியூட்டன். 1687-ஆம் ஆண்டில் வெளிவந்த பிரின்சிபியாவில் அவர் இதற்கு இரண்டு காரணங்கள் காட்டினார். முதலாவது பூமியின் சுழற்சி. பூமத்திய ரேகையில் நிற்கும் ஒருவர் விநாடிக்கு ஏறக்குறைய 465 மீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிச் சுற்றிக்கொண்டிருக்கிறார். அவரை நேர்க்கோட்டில் பறந்துவிடாமல் வட்டத்தில் வளைத்துப் பிடிப்பதற்கே ஈர்ப்பில் 289-இல் ஒரு பங்கு செலவாகிவிடுகிறது. மீதந்தான் எடையாகத் தோன்றுகிறது. துருவத்திலோ சுற்றும் வேகமே இல்லையாதலால் இச்செலவும் இல்லை. இரண்டாவது காரணம், அதே சுழற்சியால் பூமி நடுவில் புடைத்துத் துருவங்களில் தட்டையாகியிருப்பது. நடுப்பகுதியில் நிற்பவர் மையத்திலிருந்து சற்று அதிகத் தொலைவில் இருக்கிறார். இன்றைய அளவுப்படி ஈர்ப்பு முடுக்கம் துருவத்தில் 9.83, பூமத்திய ரேகையில் 9.78, இவ்வேற்றுமையில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சுழற்சி நேரடியாகவும், எஞ்சியதற்கு வடிவமும் பொறுப்பு.

எடை வேறு, நிறை வேறு என்ற பாகுபாடு ஏட்டுச் சூத்திரமாக இருந்த நிலை மாறி, அனுபவத்துக்கு எட்டிய உண்மையானது இங்கேதான். பாரிஸில் சரிபார்த்த ஒரு வில் தராசை அப்படியே சென்னைக்குக் கொண்டுவந்து அதில் 100 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டால், முள் ஏறக்குறைய கால் கிலோ குறைத்தே காட்டும். மூட்டையிலிருந்து ஒரு மணி அரிசியும் சிந்தவில்லை. அதை இழுக்கும் விசைதான் குறைந்திருக்கிறது. அதே மூட்டையை இரு தட்டுத் தராசில் படிக்கற்களோடு நிறுத்தால் இக்குறை வெளிப்படாது. ஏனெனில் மூட்டைக்கு நேர்ந்த குறை படிக்கல்லுக்கும் நேர்ந்திருக்கிறது. மூட்டையில் உள்ள பொருளின் அளவு நிறை. அதைப் பூமி அந்தந்த இடத்தில் இழுக்கும் விசை எடை. வில் தராசு காட்டுவது எடையை. தட்டுத் தராசு ஒப்பிடுவது நிறையை. இன்று தங்கம் நிறுக்கும் மின்னணுத் தராசைப் பொருத்திய இடத்திலேயே தெரிந்த நிறை ஒன்றை வைத்துச் சரிசெய்ய வேண்டும் என்று விதித்திருப்பதற்கும் மூல காரணம் ரிஷேயின் ஒன்றேகால் கோடுதான்.

நிறையையும் எடையையும் பிரித்த நியூட்டனுக்கு, பிரித்தவற்றின் உறவையும் நிறுவ வேண்டியிருந்தது. ஒரு பொருள் அசைவை எதிர்க்கும் அளவும், அதைப் பூமி இழுக்கும் அளவும் எல்லாப் பண்டத்துக்கும் ஒரே விகிதத்திலேதான் நிற்கின்றனவா? தங்கத்துக்கு ஒரு விகிதமும் மரத்துக்கு இன்னொரு விகிதமும் ஏன் இருக்கலாகாது? ஒரே அளவான இரண்டு உருண்டை மரப்பெட்டிகளை 11 அடி நூல்களில் அருகருகே தொங்கவிட்டு, ஒன்றில் மரத்தை நிரப்பி, மற்றதில் அதே எடையுள்ள வேறு பண்டத்தை வைத்து, நெடுநேரம் ஆடவிட்டுப் பார்த்தார் அவர். தங்கம், வெள்ளி, ஈயம், கண்ணாடி, மணல், உப்பு, மரம், நீர், கோதுமை ஆகிய ஒன்பதையும் இவ்வாறு சோதித்தார். பெட்டிகள் உருவத்தால் ஒத்திருந்தமையால் காற்றின் தடையும் இரண்டுக்கும் ஒத்தே இருந்தது. ஆயிரத்தில் ஒரு பங்கு வேற்றுமை இருந்தாலும் தமக்குத் தெரிந்திருக்கும் என்று அவர் எழுதுகிறார். வேற்றுமை ஏதும் தெரியவில்லை. நியூட்டனின் பெருமையைப் பேசுகிறவர்கள் வானத்தையே சுட்டிக்காட்டுவது வழக்கமாதலால், கோதுமையைப் பெட்டியில் அடைத்து ஊசலாட்டிக்கொண்டிருந்த இந்த நியூட்டனை யாரும் அதிகமாகக் கவனிப்பதில்லை. பின்னாளில் ஐன்ஸ்டீன் தம் பொதுச் சார்பியல் கொள்கைக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டது இந்தச் சமவிகிதத்தையே.

வானத்துக்குப் போனபோதும் அவருக்கு ஊசலின் துணை வேண்டியிருந்தது. சந்திரன் பூமியிலிருந்து ஏறக்குறைய 60 பூமி ஆரத் தொலைவில் இருக்கிறது. ஈர்ப்பு தூரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாகக் குறையுமானால், அங்கே அது தரையில் உள்ளதைப்போல 3,600-இல் ஒரு பங்காக இருக்க வேண்டும். சந்திரனோ ஒவ்வொரு விநாடியும் பக்கவாட்டில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் நேர்க்கோட்டிலிருந்து பூமியை நோக்கி அது விலகும் அளவு, விநாடிக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. விழுந்துகொண்டே இருந்தும் அது தரையைத் தொடாதது, விழும் அளவுக்குப் பூமியும் அதன் காலடியில் வளைந்து விலகிக்கொண்டே போவதால்தான். ஒரு நிமிடத்தில் இவ்வாறு சந்திரன் விழும் தூரம் 15 பாரிஸ் அடியும் ஓர் அங்குலமும் என்று நியூட்டன் கணக்கிட்டார். அதற்கு எதிரே அவர் வைத்த எண், தரையில் ஒரு பொருள் ஒரு விநாடியில் விழும் தூரமாக ஹைகன்ஸ் விநாடி ஊசலிலிருந்து பெற்றது. அதுவும் 15 அடியும் ஓர் அங்குலமுமே. நிமிடத்தில் 60 விநாடி, அதன் வர்க்கம் 3,600. ஆகவே இரண்டும் அச்சொட்டாகப் பொருந்தின. சந்திரனைப் பிடித்திருக்கும் விசையும் கல்லை வீழ்த்தும் விசையும் ஒன்றே என்னும் தீர்ப்பு, ஹாலந்திலும் பாரிஸிலும் அளந்த ஒரு கம்பியின் நீளத்தைச் சாட்சியாகக் கொண்டே வழங்கப்பட்டது.

பூமி தட்டையான அளவைப் பற்றி நியூட்டன் 230-இல் ஒரு பங்கு என்றார்; பொருளின் ஒவ்வோர் அணுவும் மற்ற அணுக்களை ஈர்க்கிறது என்பதை ஏற்காத ஹைகன்ஸ் 578-இல் ஒரு பங்கு என்றார். உண்மை அளவு 298-இல் ஒரு பங்கு. இதற்கிடையே, பூமி தட்டையே அன்று, துருவப் பக்கம் நீண்டது என்று பிரான்சின் நில அளவையை வைத்துக்கொண்டு காஸினியின் குடும்பம் வாதாடியது. 1735-இல் அன்றைய பெரு நாட்டுக்கும் மறு ஆண்டில் லாப்லாந்துக்கும் சென்ற இரண்டு பிரெஞ்சுக் குழுக்கள் அவ்வழக்கை நியூட்டன் பக்கம் தீர்த்தன. பனியிலும் மலையிலும் அவர்கள் பட்ட பாடு ஒரு தனி நூலுக்கு உரியது. இங்கே வேண்டியது, பெருவுக்குச் சென்ற பூகே செய்த ஒரு காரியம் மட்டுமே. கடற்கரையிலும், மலைமேல் இருக்கும் கீட்டோ நகரிலும், அதற்கும் மேலே பிச்சிஞ்சாச் சிகரத்திலும் அவர் விநாடி ஊசலை அளந்தார். உயர உயர ஈர்ப்பு குறைந்தது. ஆனால் காலுக்குக் கீழே திரண்டு நிற்கும் மலையும் தன் பங்குக்கு ஊசலை இழுக்குமல்லவா? அந்த இழுப்பு எதிர்பார்த்ததைக் காட்டிலும் மிகச் சிறிதாகவே இருக்கக் கண்டு, மலைப்பாறையைவிடப் பூமியின் உள்ளீடு பன்மடங்கு செறிவானது என்று அவர் முடிவு செய்தார். 1798-இல் கேவண்டிஷ் தம் முறுக்குத் தராசைக் கொண்டு பூமியின் சராசரிச் செறிவு நீரைப்போல 5.48 மடங்கு என்று கண்டதும் பூகேயின் ஊகம் உறுதிப்பட்டது. இன்றைய கணக்கு 5.51.

இந்த ஆராய்ச்சி தமிழ்நாட்டுக்கும் வந்தது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வானாராய்ச்சி நிலையத்தின் கருங்கல் தூண், தமிழ்க் கல்வெட்டோடு அவ்வளாகத்தில் இன்றும் நிற்கிறது. அந்நிலையத்தின் தலைவராக இருந்த ஜான் கோல்டிங்காம், கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலை மாலை வெடித்த பீரங்கிகளின் ஒளியையும் ஓசையையும் ஒப்பிட்டு ஒலியின் வேகத்தை அளந்த உற்சாகமான மனிதர். லண்டனில் கேப்டன் கேட்டர் வகுத்த முறையைப் பின்பற்றி அவர் சென்னையில் ஊசலை ஆட்டிக் கண்ட முடிவுகள் 1822-இல் ராயல் சங்கத்தின் ஏட்டில் வெளியாயின. லண்டனில் 39.14 அங்குலம் இருந்த விநாடி ஊசல் சென்னையில் 39 அங்குலத்துக்குச் சிறிதே மிஞ்சியது. பத்தில் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட அக்குறை நியூட்டனின் கணக்குக்கு இசைந்தே இருந்தது.

ஆனால் இந்தியா இசைவுக்கு மாறான ஒரு செய்தியையும் வைத்திருந்தது. 1802-இல் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளந்து லாம்டன் தொடங்கிவைத்த பெரும் நில அளவை, குமரிமுனைப் பக்கத்திலிருந்து இமயமலையடிவரை நீண்டது. வடக்கே கலியானாவுக்கும் மத்திய இந்தியாவின் கலியான்பூருக்கும் இடையேயுள்ள தூரம், தரையில் முக்கோணங்களால் அளந்தபோது ஒன்றாகவும், நட்சத்திரங்களை நோக்கிக் கணக்கிட்டபோது வேறாகவும் வந்தது. வேற்றுமை, கோண அளவாகிய விகலையில் சொன்னால், ஐந்தேகாலுக்குச் சற்றுக் குறைவு. நட்சத்திர நோக்கில் செங்குத்தைக் காட்டுவது தூக்குக்குண்டு. இமயமலை அதைத் தன் பக்கம் இழுத்திருக்கும் என்று கருதிய கல்கத்தா மதகுரு பிராட், அவ்விழுப்பைக் கணக்கிட்டு 1855-இல் வெளியிட்டார். வந்த விடை அவரையே திகைக்க வைத்தது: வேற்றுமை ஐந்தல்ல, ஏறக்குறைய பதினாறு விகலை இருந்திருக்க வேண்டும்! அவ்வளவு பெரிய மலைத்தொடர் தன் பருமனுக்கு ஏற்ப ஏன் இழுக்கவில்லை? அதே ஆண்டில் ஏரி என்னும் வானநூலார் தந்த விடை, மலைக்கு அடியில் கனம் குறைந்த பாறை வேர்போல ஆழமாக இறங்கி, செறிவு மிக்க அடித்தளத்தில் மிதக்கிறது என்பது; மேலே கூடியதைக் கீழே உள்ள குறை ஈடுசெய்துவிடுகிறது. பிராட் இதை ஏற்காமல் வேறொரு விளக்கம் தந்தார். எது எப்படியாயினும், மலையின் அடியில் ஏதோ குறைகிறது என்பதில் இருவரும் உடன்பட்டனர்.

குறைகிறதா என்று ஊசலைக் கேட்கும் பணி கேப்டன் பஸேவி என்பவருக்கு வாய்த்தது. 1865 முதல் அவர் ராயல் சங்கத்தின் ஊசல்களைக் காற்று நீக்கிய பெட்டியில் ஆட்டிக்கொண்டு, நில அளவை சென்ற தடத்திலேயே நாட்டின் குறுக்கே பிரயாணம் செய்தார். குமரிமுனைப் பக்கமும் மினிக்காய்த் தீவும் அவர் அளந்த இடங்களுள் அடங்கும். கரையோரத்திலும் தீவிலும் ஈர்ப்பு கணக்கைவிட மிகுந்தும், வடக்கே மலையை நெருங்க நெருங்கக் குறைந்தும் வந்தது. கடைசியாக, லடாக்கின் மோரே சமவெளியில் 15,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் ஊசலை ஆட்டினார். அவ்வளவு பெரிய பாறைத் திரள் காலடியில் இருந்தும் அது இல்லாததுபோலவே ஊசல் ஆடியது. அடுத்த இடத்துக்குச் சென்ற வழியில், 1871 ஜூலையில், குளிரும் மெல்லிய காற்றும் தாங்காமல் பஸேவி உயிர் துறந்தார். மீதி வேலையை ஹெவிசைட் என்னும் இன்னோர் அதிகாரி முடித்தார்.

நிலத்தில் அளந்தாயிற்று, கடலில் அளப்பதற்குத் தடையாக நின்றது அலை. ஆடும் கப்பலில் ஊசல் ஆடினால் எது எதனுடைய ஆட்டம் என்று பிரித்தறிய முடியாது. டச்சுக்காரரான வெனிங் மைனஸ் 1923 முதல் நீர்மூழ்கிக் கப்பல்களில் ஏறி, அலையின் கலக்கம் தணியும் ஆழத்துக்குச் சென்று, ஒரே சட்டத்தில் பல ஊசல்களை எதிரெதிராக ஆட்டி, மிஞ்சிய அசைவைக் கழித்துக் கணக்கிடும் முறையைக் கண்டார். ஊசலின் வேலையைப் பின்னாளில் வில் பொருத்திய கருவிகளும், அவற்றுக்குப் பின் செயற்கைக் கோள்களும் ஏற்றுக்கொண்டன. அவை வரைந்த உலகப் படத்தில் கடல்மட்டம் மிகத் தாழ்ந்திருக்கும் இடம், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் தெற்கே உள்ள இந்துமகா சமுத்திரந்தான். நியூட்டன் சொன்ன தட்டைக் கோளத்தின் ஒழுங்கான பரப்பிலிருந்து அங்கே நீர் நூறு மீட்டருக்கும் மேலாகக் கீழே கிடக்கிறது. அப்பகுதியின் அடியில், பூமியின் ஆழத்தில், நிறை குறைந்திருப்பதால் ஈர்ப்பும் தளர்ந்து, தண்ணீர் சுற்றுப்புறத்துக்கு இழுபட்டுவிட்டது. அந்தக் குறை எந்த ஆழத்தில், எந்தக் காலத்தில் உண்டாயிற்று என்பதைப் பூபௌதிக சாஸ்திரிகள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். கொழும்பிலிருந்து தெற்கே செல்லும் கப்பல் அந்தப் பள்ளத்தைக் கடந்துதான் போகிறது. கப்பலில் இருப்பவர் எவரும் இறக்கத்தில் போவதாக உணர்வதில்லை. அவர்களுக்கு மட்டம் காட்டும் ரசமட்டமும் தூக்குக்குண்டும் அதே ஈர்ப்புக்குக் கட்டுப்பட்டு அப்பள்ளத்தோடு சேர்ந்தே சாய்கின்றன.